கஞ்சன்ஜங்காவும் ‘வெற்றி’ என்னும் சொல்லும்

சில ஆண்டுகளுக்கு முன்பு கல்லூரிகளுக்கிடையே நடந்த கட்டுரைப் போட்டி ஒன்றுக்கு நடுவராக இருந்தேன். ‘சாதனை’ என்பது பொதுத்தலைப்பு. வந்த கட்டுரைகளில் பெரும்பாலானவை நாம் எதிர்பார்க்கக்கூடியவையே. விண்வெளிக்குப் போனவர்கள், ஒலிம்பிக்கில் பதக்கம் வாங்கியவர்கள், எவரெஸ்டை வென்றவர்கள். ஒரு மாணவி மட்டும் கஞ்சன்ஜங்காவைப் பற்றி எழுதியிருந்தார். 1955இல் அம்மலையில் முதன்முதலாக ஏறியவர்கள் அதன் உச்சியை மிதிக்கவில்லை, சில அடிகள் முன்னதாகவே நின்றுவிட்டார்கள், ஆகவே அவர்கள் அம்மலையை வென்றார்கள் என்று சொல்வது பிழை என்று தொடங்கியது அக்கட்டுரை. நான் சிவப்பு மையால் கோடிட்டு, ஓரத்தில் ‘தகவற்பிழை’ என்று எழுதி, இரண்டு மதிப்பெண்களைக் குறைத்தேன். உச்சியை மிதிக்காதவர் எப்படி முதலில் ஏறியவர் ஆவார் என்பது என் தர்க்கம். சரிபார்க்க வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

மாணவி எழுதியதே உண்மை என்பது பின்னால் வேறொன்றைத் தேடிப் படித்துக்கொண்டிருந்தபோது தெரியவந்தது. அதற்குள் விடைத்தாள்கள் போய்விட்டன, பரிசும் வேறொருவருக்குப் போய்விட்டது. அந்த உறுத்தல் இன்றுவரை இருக்கிறது.

அண்மையில் நண்பர்கள் கூடிய ஓர் இலக்கியச் சந்திப்பில் இந்த நிகழ்வைச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்த நண்பர் ஒருவர், நிறையப் படித்தவர், பகுத்தறிவில் உறுதியான பிடிப்புள்ளவர், சிரித்துவிட்டார். “பனிக்கட்டிக்குக் கற்பூரம் காட்டும் கூட்டத்துக்குப் பயந்து சில அடி கீழே நின்றார்கள். இதில் என்ன பெருமை இருக்கிறது? வெள்ளைக்காரன் செய்தால் மூடநம்பிக்கைகூட உங்களுக்கு நாகரிகமாகிவிடும்” என்றார். கூட்டமும் சிரித்தது. அப்போது என்னால் உடனே பதில் சொல்ல இயலவில்லை. பேச்சில் நான் மந்தமானவன். எழுத்தில் சொல்லிவிடலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் மலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கஞ்சன்ஜங்கா 8,586 மீட்டர் உயரமுடையது. எவரெஸ்ட், கே2 ஆகியவற்றுக்கு அடுத்து உலகின் மூன்றாவது உயர்ந்த மலை. நேபாளத்தின் தாப்லேஜுங் மாவட்டத்துக்கும் இந்தியாவின் சிக்கிம் மாநிலத்துக்கும் இடையிலான எல்லைக்கோடு அதன் உச்சியின் மீதே செல்கிறது. ‘மாபெரும் பனியின் ஐந்து கருவூலங்கள்’ என்பது அதன் திபெத்தியப் பெயரின் பொருள். ஐந்து சிகரங்கள் உண்டு. அவற்றுள் மூன்று எல்லையில் நிற்கின்றன, இரண்டு நேபாளத்துக்குள் இருக்கின்றன. சிக்கிம் பக்கம் இறங்கும் ஸெமு பனியாறு ஏறத்தாழ 26 கிலோமீட்டர் நீளமுடையது. அதன் உருகுநீர் தீஸ்தா ஆற்றில் சேர்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை இதுவே உலகின் மிக உயர்ந்த மலை என்று பலரும் நம்பியிருந்தார்கள். முக்கோண அளவையின் கணக்குகள் 1856இல் வெளியானபோதுதான் இது மூன்றாம் இடத்துக்கு வந்தது. அந்த அளவைப் பணி 1802இல் லாம்டனால் தொடங்கப்பட்டது நம் பரங்கிமலைக்கு அருகில் அளக்கப்பட்ட அடிக்கோட்டிலிருந்துதான். ஒரு மலைக்கு ‘முதலிடம்’, ‘மூன்றாமிடம்’ என்று வரிசையெண் கொடுக்கும் பழக்கத்தின் ஒரு நுனி நம் ஊரில் இருக்கிறது.

இனி 1955க்கு வருவோம். சார்லஸ் எவான்ஸ் தலைமையில் வந்த பிரிட்டிஷ் குழு, நேபாள அரசிடம் முறையாக அனுமதி பெற்று, நேபாளப் பக்கத்து யாலுங் பனியாற்றின் வழியாக ஏறியது. சிக்கிம் அப்போது இந்தியாவின் பாதுகாப்பில் இருந்த ஒரு தனி அரசு. டாஷி நாம்கியால் அதன் சோக்யால், அதாவது மன்னர். கஞ்சன்ஜங்கா சிக்கிம் மக்களின் காவல் தெய்வம். ஆண்டுதோறும் பாங் லாப்சோல் விழாவில் அதை வணங்குகிறார்கள். ஆகவே சிக்கிமிலிருந்து எதிர்ப்பு வந்தது. எவான்ஸ் காங்டோக் சென்று பேசினார். உச்சிக்குப் போய்ச்சேர முடியும் என்பது உறுதியானதும் நின்றுவிடுவோம், உச்சியை மிதிக்கமாட்டோம் என்று வாக்களித்தார்.

மே 25ஆம் நாள் ஜார்ஜ் பேண்டும் ஜோ பிரவுனும் உச்சியின் அருகே சென்று சேர்ந்தார்கள். சில அடிகளே மீதி. நின்றார்கள், திரும்பினார்கள். மறுநாள் நார்மன் ஹார்டியும் டோனி ஸ்ட்ரீதரும் அதே இடம்வரை சென்று அவ்வாறே திரும்பினார்கள்.

நண்பரின் ‘பயந்து நின்றார்கள்’ என்ற சொல்லை இங்கே வைத்துப் பார்க்க வேண்டும். யாருக்குப் பயம்? அனுமதி தந்தது நேபாளம். நேபாளப் பக்கத்தில் ஏறுகிறவரைத் தண்டிக்கச் சிக்கிம் மன்னருக்கு எந்த அதிகாரமும் இல்லை. எட்டாயிரத்து ஐந்நூறு மீட்டர் உயரத்தில், பார்க்க ஒருவரும் இல்லாத இடத்தில், இருவர் மட்டும் நிற்கிறார்கள். மிதித்துவிட்டு மிதிக்கவில்லை என்று சொல்லியிருந்தாலும் யாருக்கும் தெரியப்போவதில்லை. பயம் என்பது தண்டனையின் நிழல். தண்டனைக்கே இடமில்லாத இடத்தில் அந்தச் சொல் பொருந்தாது. பேண்டும் பிரவுனும் அம்மலையைத் தெய்வம் என்று நம்பியவர்களும் அல்லர். நம்பாதவர்கள், நம்புகிறவர்களுக்குத் தந்த வாக்கைக் காப்பாற்றினார்கள். மூடநம்பிக்கை என்பதற்கு முதலில் நம்பிக்கை வேண்டும் அல்லவா? இங்கே அதுகூட இல்லை. இதற்குத் தமிழில் நேரான சொல் உண்டு. வாய்மை என்பது அதன் பெயர்.

அடுத்தது ‘வெள்ளைக்காரன்’ என்ற குற்றச்சாட்டு. அது எனக்கும் உறைக்கவே செய்கிறது. ஆனால் வெள்ளையர்கள் எல்லோரும் அம்மலையில் அப்படி நடந்துகொள்ளவில்லை. 1905இல் அலிஸ்டர் குரோலியும் ஜாக்கோ-கியார்மோவும் வந்த பயணத்தில் பனிச்சரிவில் அலெக்சிஸ் பேஷ் என்ற சுவிஸ் நாட்டவரும் சுமைதூக்கிகள் மூவரும் புதைந்தார்கள். மேல்முகாமில் இருந்த குரோலி உதவிக்கு இறங்கிவரவில்லை. மலையேற்ற நூல்களில் பேஷின் பெயர் தவறாமல் வருகிறது. மற்றவர்கள் பெரும்பாலும் ‘மூன்று சுமைதூக்கிகள்’ என்ற எண்ணாகவே வருகிறார்கள். 1955 பயணத்திலும் பெமி டோர்ஜி என்ற ஷெர்பா இறந்தார். வாக்கைக் காத்த பயணம் என்பதற்காக அந்தச் சாவை நான் மறைக்கப்போவதில்லை. என் வாதம் வெள்ளையர் உயர்ந்தோர் என்பதல்ல. ஒரு சமூகம் ‘இதற்கு மேல் வேண்டாம்’ என்று கேட்டுக்கொண்டதை, தட்டிவிடும் வலிமை இருந்தும் சிலர் தட்டவில்லை என்பதுதான். இந்தியர்களும் அதைச் செய்திருக்கிறார்கள். 1977இல் கர்னல் நரேந்திர குமார் தலைமையில் இந்திய ராணுவக் குழு சிக்கிம் பக்கத்திலிருந்து, மிகக் கடினமான வடகிழக்கு முகட்டு வழியாக ஏறியது. பிரேம் சந்தும் நிமா டோர்ஜியும் உச்சிக்குச் சற்றுக் கீழே நின்று திரும்பினார்கள். 1979இல் டக் ஸ்காட், பீட்டர் போர்ட்மன், ஜோ டாஸ்கர் மூவரும் உயிர்வாயு உருளை இல்லாமல் ஏறி, அவ்வாறே நின்றார்கள். பின்னால் வந்தவர்கள் எல்லோரும் அந்த வழக்கத்தைப் பின்பற்றவில்லை. ஆனால் பலர் மீறினார்கள் என்பதால் ஒரு வழக்கம் அபத்தமாகிவிடாது. அப்படியானால் பொய் சொல்லாமை என்பதைத்தான் நாம் முதலில் கைவிட்டிருக்க வேண்டும்.

*

இதுவரை நண்பருக்கு. இனி, அவருக்கு எதிர்ப்பக்கத்தில் நின்றுகொண்டு என் தோளில் கைபோட வருகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ‘பார்த்தீர்களா, நம் மரபு எவ்வளவு உயர்ந்தது, மலையைக்கூடத் தெய்வமாக வணங்கினோம்’ என்று தொடங்குவார்கள் அவர்கள். அவர்களோடு எனக்கு இன்னும் பெரிய வழக்கு இருக்கிறது.

2000இல் சிக்கிம் அரசு ஆஸ்திரியக் குழு ஒன்றுக்குத் தன் பக்கத்திலிருந்து ஏற அனுமதி தந்தது. சிக்கிமில் பெரும் எதிர்ப்பு எழுந்தது. அடுத்த ஆண்டு, 1991ஆம் ஆண்டின் வழிபாட்டுத் தலங்கள் சட்டத்தைச் சுட்டி, கஞ்சன்ஜங்கா உள்ளிட்ட புனிதச் சிகரங்களில் ஏறுவதை அரசு தடைசெய்தது. 2016இல் கஞ்சன்ஜங்கா தேசியப் பூங்காவை யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. இயற்கை, பண்பாடு இரண்டுக்குமாகச் சேர்த்து அந்தத் தகுதி பெற்ற முதல் இந்திய இடம் அதுவே. படிக்க மகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனால் அதே காலத்தில் அம்மலையின் கீழே நடந்தது என்ன?

லெப்சா மக்கள் சிக்கிமின் தொல்குடிகள். முதல் ஆணும் முதல் பெண்ணும் கஞ்சன்ஜங்காவின் தூய பனியிலிருந்து உருவாக்கப்பட்டவர்கள் என்பது அவர்கள் கதை. தீஸ்தாவும் ரங்கித்தும் அம்மலையில் பிறந்த காதலர்கள் என்பது இன்னொரு கதை. பாம்பு வழிகாட்ட ஒன்றும் பறவை வழிகாட்ட மற்றொன்றுமாகப் புறப்பட்டார்கள். பறவையை நம்பிய ரங்கித் தாமதமாக வந்து சேர்ந்தான். காதலி தனக்கு முன்பே வந்துவிட்டதைக் கண்ட வெட்கத்திலும் கோபத்திலும் பெருக்கெடுத்தான். நாடு மூழ்கியது. எஞ்சியவர்கள் தெண்டோங் குன்றின் மேல் ஏறிப் பிழைத்தார்கள். அந்தக் குன்றுக்கு இன்றும் விழா எடுக்கிறார்கள். இந்தக் கதைகளில் மலை என்பது உச்சி மட்டும் அல்ல. பனி, பனி உருகிய ஆறு, ஆறு கூடும் துறை, வெள்ளம், அதற்குத் தப்பி ஏறிய குன்று, எல்லாம் சேர்ந்ததுதான் மலை. உச்சியை மிதிக்காதே என்று சொன்ன மக்கள் ஆற்றைக் கட்டாதே என்றும் சொன்னதில் வியப்பில்லை. அது ஒரே வாக்கியத்தின் இரண்டு பாதிகள்.

அரசு முதற்பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டது. ரதோங் சூ நீர்மின் திட்டம் மக்கள் போராட்டத்துக்குப் பின் 1997இல் கைவிடப்பட்டது உண்மை. ஆனால் அதன்பிறகு தீஸ்தாவில் அணைகள் அடுக்கடுக்காகத் திட்டமிடப்பட்டன. 2007இல் லெப்சா இளைஞர்கள் காங்டோக்கில் உண்ணாவிரதம் இருந்தார்கள். அவர்களுடைய ஜோங்கு பகுதியின் திட்டங்கள் சில கைவிடப்பட்டன, மற்றவை நடந்தன. சுங்தாங்கில் 1,200 மெகாவாட் திறனுள்ள தீஸ்தா மூன்றாம் கட்டத் திட்டம் 2017இல் மின்னுற்பத்தியைத் தொடங்கியது.

2023 அக்டோபர் 3ஆம் நாள் இரவு. வடக்குச் சிக்கிமில் பனியாறு உருகித் தேங்கிய தெற்கு லோனாக் ஏரிக்குள் கரையின் ஒரு பகுதி சரிந்து விழுந்தது. ஏரி உடைத்துக்கொண்டது. பனியாறு பின்வாங்கப் பின்வாங்க அந்த ஏரி பெருத்துக்கொண்டே வந்ததை அறிவியலாளர்கள் பல ஆண்டுகளாக எச்சரித்துவந்தார்கள். வெள்ளம் சுங்தாங் அணையை அடித்துச் சென்றது. அணையில் தேங்கியிருந்த நீரும் சேர்ந்துகொண்டது. தீஸ்தாவின் கரைகளில் பாலங்களும் வீடுகளும் ராணுவ முகாம்களும் போயின. நாற்பதுக்கும் மேற்பட்டோரின் உடல்கள் கிடைத்தன. கிடைக்காமலே போனவர்கள் அதைவிட அதிகம். 2025 ஜனவரியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் நிபுணர் குழு, அந்த அணையை வேறு வடிவத்தில் மீண்டும் கட்டலாம் என்று பரிந்துரைத்தது.

லெப்சாக்களின் தெய்வம் கோபித்துக்கொண்டது என்று நான் சொல்லவில்லை. சூடேறும் பூமி, பின்வாங்கும் பனியாறு, பலவீனமான கரை, தவறான இடத்தில் அணை என்று காரணங்கள் தெளிவாகவே இருக்கின்றன. நண்பர் கேட்டால் நானே அவற்றை வரிசையாகச் சொல்வேன். நான் சொல்ல வருவது வேறு. உச்சியைப் புனிதம் என்று அறிவித்துவிட்டு அதன் உடலை ஏலம் போடும் அரசு, அம்மக்களின் நம்பிக்கையை மதித்ததாகச் சொல்லிக்கொள்ளும் உரிமையை இழந்துவிட்டது. உச்சியில் ஏறத் தடை விதிப்பதற்கு அரசுக்கு அதிகம் செலவில்லை. ஆண்டுக்குச் சில மலையேறிகளின் கட்டணம் போகும், அவ்வளவுதான். ஆற்றை விட்டுவைப்பதற்குத்தான் விலை அதிகம். விலை குறைந்த மரியாதையைத் தந்து விலை கூடியதை மறுப்பதற்குப் பக்தி என்று பெயரில்லை.

மலையின் மறுபக்கமும் இதற்கு விலக்கல்ல. அதே தாப்லேஜுங் மாவட்டத்தில் லிம்பு மக்கள் முக்கும்லுங் என்று வணங்கும் குன்று இருக்கிறது. மற்றவர்களுக்கு அது பாதிபரா தேவியின் கோயில். யாத்திரிகர்களுக்காக அங்கே கம்பிவட வண்டி அமைக்க எடுத்த முயற்சியை எதிர்த்து 2024, 2025 ஆண்டுகளில் லிம்பு மக்கள் போராடினார்கள், மோதல்கள் நடந்தன. இங்கே புனிதத்தின் பெயராலேயே ஒரு மக்களின் புனிதம் வெட்டப்படுகிறது. ஆகவே ‘மரபு’ என்று பொதுவாகச் சொல்லிக் கைதட்டுகிறவர்களை நான் கேட்பது ஒன்றுதான். யாருடைய மரபு? அதை யார் எதற்காக எடுத்துப் பேசுகிறார்கள்?

*

எல்லையில் நிற்கும் மலைகளுக்கு இன்னொரு துயரம் உண்டு. அவற்றின் மேல் எந்த நாடும் கொடி நட விரும்பும்.

2025 மே மாதம், இந்தியப் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழுள்ள மலையேற்றப் பயிற்சி நிறுவனம் ஒன்றின் குழு நேபாளப் பக்கத்திலிருந்து கஞ்சன்ஜங்காவில் ஏறியது. நாட்டின் ஒவ்வொரு மாநிலத்தின் உயர்ந்த இடத்திலும் மூவண்ணக் கொடியை ஏற்றும் திட்டத்தின் நிறைவு அது. சிக்கிமின் உயர்ந்த இடம் கஞ்சன்ஜங்கா. சிக்கிம் வழியாக ஏறத் தடை. ஆகவே எல்லையைச் சுற்றிப் போய் மறுபக்கத்திலிருந்து ஏறினார்கள். சிக்கிம் முதலமைச்சர் பிரேம் சிங் தமாங் மத்திய உள்துறை அமைச்சருக்கு எழுதி ஆட்சேபம் தெரிவித்தார்.

ஏறியவர்களின் துணிச்சலையோ உழைப்பையோ நான் குறைத்துப் பேசவில்லை. அந்த உயரத்தில் ஒவ்வோர் அடியும் உயிரைப் பணயம் வைப்பது. சட்டப்படியும் அவர்கள் செய்ததில் பிழை இல்லை, நேபாளத்தின் அனுமதியோடுதான் ஏறினார்கள். ஆனால் 1955இன் பக்கத்தில் இதை வைத்துப் பாருங்கள். அன்றும் நேபாளத்தின் அனுமதி இருந்தது. அன்றும் சிக்கிமின் ஆட்சேபம் இருந்தது. அன்று அந்நியர்கள் நேரில் போய்ப் பேசி, வாக்களித்து, அந்த வாக்குக்குள் நின்றார்கள். இன்று சிக்கிம் நம் நாட்டின் ஒரு மாநிலம். 1975இலிருந்து அதன் மக்கள் நம் சக குடிமக்கள். சொந்த நாட்டின் ஒரு மாநிலத்துச் சட்டம் வேண்டாம் என்று சொன்னதை, அடுத்த நாட்டின் அனுமதியைக் கொண்டு செய்து முடிப்பதில் தேசப்பற்று எங்கே வருகிறது என்பது எனக்கு விளங்கவில்லை. கொடி என்பது அதன் கீழ் வாழும் எல்லோருடையதும். அவர்களுள் ஒரு சாரார் தலைவணங்கும் இடத்தில் அவர்களைக் கேட்காமல் அதை நடும்போது, அந்தக் கொடியிலிருந்து அவர்களைத் தள்ளிவைக்கிறோம்.

பூட்டானைப் பாருங்கள். சீன எல்லையில் நிற்கும் கங்கர் புயென்சும் 7,570 மீட்டர் உயரமுடையது. மனிதர் ஏறாத மலைகளில் அதுவே உயர்ந்தது என்கிறார்கள். 1994இல் ஆறாயிரம் மீட்டருக்கு மேற்பட்ட மலைகளில் ஏறுவதைத் தடைசெய்த பூட்டான், 2003இல் மலையேற்றத்தையே முற்றாக நிறுத்தியது. நேபாளத்திலும் மச்சாபுச்சாரே இருக்கிறது. 1957இல் வில்ஃப்ரிட் நாய்ஸும் டேவிட் காக்ஸும் உச்சிக்கு ஏறத்தாழ 150 அடி கீழேயிருந்து திரும்பினார்கள். அதன்பிறகு அம்மலைக்கு அனுமதி இல்லை. இந்த நாடுகள் எதிலும் இதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

*

கடைசியாக நமக்கு, அதாவது தமிழில் எழுதுகிறவர்களுக்கும் தமிழ் சொல்லிக்கொடுக்கிறவர்களுக்கும் வருகிறேன். என் உண்மையான வழக்கு இங்கேதான்.

அந்த மாணவியின் கட்டுரையில் நான் ஏன் கோடிட்டேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். அறியாமை ஒரு காரணம். அதைவிட ஆழமான காரணம், மலையையும் மனிதனையும் சேர்த்துச் சொல்ல எனக்கு ஒரே ஒரு வினைச்சொல்தான் பழக்கமாகியிருந்தது என்பது. ‘வெல்’. எவரெஸ்டை வென்றார், சிகரத்தை வீழ்த்தினார், இமயத்தைக் காலடியில் கொண்டுவந்தார். நம் நாளிதழ்களும் பாடநூல்களும் இப்படித்தான் எழுதுகின்றன. இதை ஆங்கிலத்திலிருந்து வந்த பழக்கம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். பாதி உண்மை அது. மறுபாதி நம்முடையது. இமயத்தில் வில்லைப் பொறித்ததாகப் பாடப்பெற்ற சேரன் நம்முடையவன். இமயத்தையே தன் எல்லையாகக் கொண்டவன் என்னும் பொருளில் இமயவரம்பன் என்று பெயர் பெற்றான் நெடுஞ்சேரலாதன். அங்கே புலியைப் பொறித்த சோழனும் கயலைப் பொறித்த பாண்டியனும் நம் கவிதைகளிலும் காப்பியங்களிலும் வருகிறார்கள். ஆண்டுதோறும் வகுப்பறையில் இவற்றை உணர்ச்சியோடு நடத்துகிறேன். மாணவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். ஆனால் அந்த வில் பொறிக்கப்பட்டபோது இமயத்தின் அடிவாரத்தில் யார் இருந்தார்கள், அவர்களுக்கு அம்மலை என்னவாக இருந்தது என்று ஒருமுறையேனும் நான் கேட்டதில்லை. கேட்டிருந்தால் 2025இன் கொடி எனக்கு இவ்வளவு அதிர்ச்சியாக இருந்திருக்காது. பொறித்த வில்லும் நட்ட கொடியும் ஒரே குடும்பம்.

ஆனால் நம்மிடம் இருப்பது அந்த ஒரு மரபு மட்டும்தானா? குறிஞ்சித் திணையில் மலை என்பது அணங்கு உறையும் இடம், சூர் வாழும் இடம். அங்கே போகிறவனுக்கு ஒரு தயக்கம் இருக்கும். அந்தத் தயக்கத்தைப் பயம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. தன்னைவிடப் பெரியதான ஒன்றின் முன் நிற்கும்போது உடம்பு தானாக அறிந்துகொள்ளும் அளவு அது. அணங்கு என்ற சொல்லுக்கு அழகு, அச்சம், வருத்தும் ஆற்றல் என்று பொருள் சொல்லிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விடுகிறோம். கஞ்சன்ஜங்காவின் உச்சிக்குக் கீழே சில அடிகளில் நின்ற இருவரைப் புரிந்துகொள்ள அந்தச் சொல் உதவும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. இரண்டாயிரம் ஆண்டுப் பழைய சொல் கையில் இருந்தும், பத்திரிகைச் சொல்லைக் கொண்டே ஒரு மாணவியைத் திருத்தினேன்.

இதற்கு இரண்டு மறுப்புகள் வரும். முதலாவது, மலையேற்றத்தை நம்பிப் பிழைக்கும் ஷெர்பாக்களின் வயிற்றில் அடிக்கிறாயா என்பது. இல்லை. நான் மலையேற்றத்தை நிறுத்தச் சொல்லவில்லை. 1955இல் மலையேற்றம் நடந்தது, கூலியும் கொடுக்கப்பட்டது. மீதமிருந்த சில அடிகளில் யாருடைய பிழைப்பும் இல்லை. அவர்களுடைய பிழைப்பின் மேல் உண்மையான அக்கறை இருந்தால் பேச வேண்டியது கூலி, காப்பீடு, இறந்தவர் குடும்பத்துக்கு இழப்பீடு ஆகியவற்றைப் பற்றி.

இரண்டாவது மறுப்பு கனமானது. நம்பிக்கைகளுக்கெல்லாம் இப்படி இடம்கொடுத்தால் ஆலய நுழைவு நடந்திருக்குமா, பெண்கள் படித்திருப்பார்களா? ‘மிதிக்காதே’ என்ற சொல்லால்தானே நூற்றாண்டுகளாக மனிதரை வெளியே நிறுத்தினோம்? நண்பர் அன்று இதைக் கேட்டிருந்தால் நான் திணறியிருப்பேன். இப்போது என்னால் சொல்ல முடிகிறது. எந்த நம்பிக்கையானாலும் அது யாரை வெளியே நிறுத்துகிறது என்று பார்க்க வேண்டும். கோயில் வாசலில் நிறுத்தப்பட்டவர்கள் ஒரு சாதியார். நிறுத்தியவர்கள் உள்ளே இருந்தார்கள். கஞ்சன்ஜங்காவின் உச்சியில் உள்ளே என்று ஒருவரும் இல்லை. மன்னனும் மிதிக்கக்கூடாது, பூசகனும் மிதிக்கக்கூடாது, லெப்சாவும் மிதிக்கக்கூடாது, வந்தவனும் மிதிக்கக்கூடாது. எல்லோரையும் சமமாக நிறுத்தும் தடையும் ஒருவரை மட்டும் நிறுத்தும் தடையும் ஒன்றாகா. முன்னது வரம்பு, பின்னது தீண்டாமை. இரண்டையும் பிரித்தறியாத பகுத்தறிவு, தன் பெயரிலுள்ள முதற்சொல்லை மறந்துவிட்டது.

நண்பர் இதை ஏற்பாரா என்று தெரியாது. ஏற்காவிட்டால் எழுதட்டும், படிக்கக் காத்திருக்கிறேன்.

நான் செய்யக்கூடியது மிகச் சிறியது. இந்த ஆண்டிலிருந்து என் வகுப்பில் ‘மலையை வென்றார்’ என்று யாராவது எழுதினால், அதன் கீழே கோடிட்டு, ‘ஏறினார் என்று எழுதுக’ என்று ஓரத்தில் குறிக்கிறேன். மதிப்பெண் குறைப்பதில்லை. குறைத்த இரண்டு மதிப்பெண்கள் இன்னும் என் கணக்கில் கடனாக நிற்கின்றன. அந்த மாணவி இப்போது எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. இதைப் படிக்க நேர்ந்தால் அவர் அறிய வேண்டியது ஒன்றுதான். பிழை அவருடையதல்ல, என்னுடையது.